காற்றாலைக்கு நேரே நின்ற டிராக்டர்

என் தங்கை மாரிசெல்வி, கப்பலில் அதிகாரி ஆவதற்கான வாய்மொழித் தேர்வில் தோற்றுவிட்டு ஊருக்கு வந்தது மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. அவளை அழைத்து வர என் வீட்டுக்காரர் செண்பகராஜும் நானும் கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தோம். தோற்றதை முந்தின வாரமே போனில் சொல்லிவிட்டாள். ஏன் தோற்றாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"ஏட்டி, இப்படி எளச்சுப் போயிட்டியே" என்றேன்.

"கப்பல்ல சோறு நல்லாத்தாங்கா போட்டாங்க. பரீட்சைதான் எளைக்க வச்சுட்டு" என்றாள்.

செண்பகராஜ் அவளுடைய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நம்ம டிராக்டரே மூணு தடவ சாவியத் திருப்பினாத்தான் கிளம்புது கொழுந்தியா. நீ ஒரு தடவதான திருப்பியிருக்க?"

அவள் சிரித்தாள். ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வரும்வரை எதிரே வந்த லாரிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். மறு தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. அதில் தேறினால் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக ஏறலாம். கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். தோற்றால் கப்பல் அவளுக்காக நிற்காது.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு வடக்கே. ஊரைச் சுற்றி நாலு திக்கும் கரிசல்தான். கண்ணுக்குத் தடையாக ஒரு குன்று கிடையாது. கிழக்கே நாலுவழிச் சாலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர்ப் பெட்டி லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். மேற்கே தொலைவில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். எங்கள் குடும்பத்துக்குச் செம்மறி ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்று ஆட்டுக்குப் போனேன். மாரி என்னைவிட ஐந்து வயது இளையவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் என் பின்னாலேயே வந்துவிடுவாள்.

ஆடு மேய்ப்பவர்களுக்கு ஐப்பசி மழை ஒரு பரீட்சை. கரிசல் நனைந்துவிட்டால் களியாகிவிடும். ஆட்டின் கால் ஒவ்வொன்றிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும். குட்டிகள் எடுத்து வைக்க முடியாமல் அப்படியே நின்றுவிடும். மழை வந்து சேருமுன் மந்தையை, களியாகாத சரளைக்கல் தரையான சரள்மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். ஆனால் வானம் கறுக்கும்போதெல்லாம் ஏற்றினால் ஆடு மேய்வது எப்போது? எங்கள் கரிசல்காட்டில் மழை ஊரை முழுக்க மூடிக்கொண்டு வருவது அபூர்வம். தொலைவில் ஒரு சாம்பல் நிறத் தூண்போல இறங்கி, அது பாட்டுக்கு நடந்து போகும். அந்தத் தூண் நம்மிடம் வருமா, பக்கத்து ஊருக்குப் போகுமா என்பதுதான் கேள்வி.

எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கு ஒன்பது. ஒருநாள் இலை பறிக்கிற தொரட்டிக் கம்பைத் தரையில் ஊன்றிவிட்டு, அதற்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுத?"

"அக்கா, மழ கம்புக்கு நேரா இருக்கு. ரொம்ப நேரமா நகரவே இல்ல. ஆனா வர வரப் பெருத்துக்கிட்டே இருக்கு."

"நகராம இருந்தா நின்ன இடத்துலயே பெய்யுதுன்னு அர்த்தம். பேசாம இரு."

"நின்னா ஏங்கா பெருக்குது? அது நம்மளப் பாத்துத்தான் வருது."

நான் நம்பவில்லை. அரைமணி நேரத்தில் தொப்பலாக நனைந்தோம். பதினாறு குட்டிகளை இரண்டிரண்டாக இடுப்பில் இடுக்கிச் சரள்மேட்டில் விட்டேன். பதினேழாவதை அவள் தூக்கி வந்தாள். அதோடு, "நாந்தான் சொன்னேம்லா" என்பதை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் சொன்னதை நான் சோதித்தேன். பார்த்ததைக் குறித்து வைப்பது எனக்கு வழக்கம். எந்த ஆடு எந்தக் கிழமை ஈன்றது என்பதுகூட என் நோட்டில் இருக்கும். மொத்தம் ஒன்பது மழைத் தூண்கள். கம்புக்கு இடப்பக்கம் நகர்ந்த மூன்றும் எங்களுக்கு இடப்பக்கமாகவே போயின. வலப்பக்கம் நகர்ந்த நாலும் வலப்பக்கமாகவே போயின. கம்பைவிட்டு நகராமல் பெருத்த இரண்டும் எங்கள் தலையில் விழுந்தன. மழை வேகமாக வந்ததா மெதுவாக வந்ததா என்பது பற்றிக் கவலை இல்லை. வேகமும் போகும் திசையும் சேர்ந்து அதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கம்பு காட்டிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் மந்தை தேவையில்லாமல் சரள்மேடு ஏறியதும் இல்லை, நனைந்ததும் இல்லை. ஊரில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி லாரிகள் எங்கே போகின்றன என்று கேட்டுக் கேட்டே அவள் கப்பல் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடம் சென்னையில் வகுப்பு. பதினெட்டு மாதம் கடலில் பயிற்சி. பிறகு எழுத்துத் தேர்வு. அதில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

ஊருக்கு வந்த நாலாம் நாள், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கருத்தையா மாமா வந்தார். எங்கள் காட்டை ஒட்டி அறுபது ஆடு மேய்க்கிறவர். உறவு முறையில் மாமா.

"என்ன மருமவளே, கப்பல் எப்ப ஏறுத? ஒங்கக்கா ஒங் கம்பு கதைய என் ஆட்டுக்குட்டிக்கிட்ட மட்டுந்தான் இன்னும் சொல்லல."

மாரியின் முகம் வாடிப்போனது. அவர் போன பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கம்புதாங்கா என்னயக் கவுத்துது."

தேர்வில் நடந்தது இதுதான். கப்பலை ஓட்டுகிற மேலறையைப்போலவே ஓர் அறை. சுற்றிலும் பெரிய திரைகளில் கடல். தேர்வாளர் ஓய்வுபெற்ற கேப்டன். வலப்பக்க முன்மூலையில் ஒரு கப்பல் வருவதைத் திரையில் காட்டி, அது உன் கப்பலோடு மோதுமா என்று கேட்டிருக்கிறார். அறையின் ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு தூண். மாரிக்கு அது தொரட்டிக் கம்பாகத் தெரிந்தது. வருகிற கப்பலைத் தூணோடு சேர்த்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் எதிரே இரண்டு மீன்பிடிப் படகுகள் வந்தன. அவற்றுக்கு ஒதுங்கக் கப்பலைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். உடனே பெரிய கப்பல் தூணைவிட்டு ஒரு சாண் வலப்பக்கம் போனதுபோலத் தெரிந்தது.

"அது விலகிருச்சு சார், நமக்குப் பின்னால போயிரும்னு சொல்லிட்டேன்" என்றாள். "நிச்சயமான்னு கேட்டாவ. நிச்சயம்னேன். எத வச்சுச் சொல்லுதன்னு கேட்டாவ. தூண விட்டு நகந்துட்டுன்னேன். அவிய என்னயே பாத்தாவ. 'அந்தக் கப்பல் நகரல. நீதான் திரும்பின'ன்னாவ. கொஞ்ச நேரத்துல திரை பூரா அந்தக் கப்பலா நின்னுது."

எனக்குப் புரியவில்லை. கம்பு ஒன்பதுக்கு ஒன்பது சரியாகச் சொன்னதே! கம்பு எப்படிப் பொய் சொல்லும்?

"அங்கன கம்ப மண்ணுல ஊனியிருந்தோம்க்கா. கப்பல்ல தூணு கப்பலோட சேந்து திரும்புது" என்றாள்.

"திரும்பட்டுமே. அதுக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன?"

அவள் காகிதத்தில் படம் போட்டாள், கோடு போட்டாள், டிகிரி எழுதினாள். நான் தலையாட்டினேன். என் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். "ஒனக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்குத மாதிரி என்னால சொல்ல முடியலைன்னா எனக்கே இன்னும் சரியா வெளங்கலைன்னு அர்த்தம்" என்றாள்.

மறுநாள் காலை அதைக் காட்டிலேயே பார்த்துவிடுவதென்று முடிவு செய்தோம். உளுந்து எடுத்து முடிந்த நிலம் பன்னிரண்டு ஏக்கர் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் டி.வி.எஸ். வண்டிதான் மாரியின் கப்பல். அவள் ஓட்ட, நான் நோட்டோடு பின்னால். முன்பக்க இரும்புக் குழாயில் தொரட்டிக் கம்பை நட்டுக்குத்தாகக் கட்டினேன். செண்பகராஜின் டிராக்டர் எதிர்க் கப்பல். நாங்கள் தெற்கே போவது, அவர் மேற்கேயிருந்து கிழக்கே வருவது. இரண்டு வண்டியும் ஒரே சீராகப் போக வேண்டும். யாரும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

"மோதினா யாரு பொறுப்பு?" என்று செண்பகராஜ் கேட்டார்.

"நீங்க எங்களுக்கு வலப்பக்கம் வாரிய அத்தான். எங்களுக்கு வலப்பக்கம் வாரவிய நேராப் போகலாம். ஒதுங்க வேண்டியது நாங்க. கடல்ல அதான் சட்டம்."

"அப்படிப் போடு! நல்ல சட்டமாத்தான் இருக்கு."

"ஆனா நாங்க ஒங்களுக்கு வலப்பக்கம் வந்தா நீங்க ஒதுங்கணும்."

"அது நடக்காது கொழுந்தியா. தண்ணியில ஒதுங்கலாம். என் டிராக்டர் யாருக்கும் ஒதுங்கிப் பழக்கமில்ல."

கருத்தையா மாமா வரப்பில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கிறுக்குப் பிடிச்சது ஒருத்திக்கா, குடும்பத்துக்கேவா?"

"மாமா, எங்களுக்கு மீன்பிடிப் படகு வேணும். ஒங்க ஆட்டக் கொஞ்சம் நடுவுல விடுங்க."

"என் ஆட்டுக்கு நீச்சல் தெரியாது தாயீ" என்றவர், ஆட்டை விட்டுவிட்டு நிழலுக்கும் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார்.

முதல் ஓட்டம். டிராக்டர் கம்புக்கு நேரே தெரிந்தது. எண்ணிக்கொண்டே போனேன், முப்பது எண்ணியும் கம்பிலேயே இருந்தது. 'நேரே இருக்கிறது' என்று எழுதினேன். அப்போது ஆடுகள் குறுக்கே வந்தன. மாரி வண்டியை இடப்பக்கம் ஒடித்தாள். டிராக்டர் கம்பைவிட்டு வலப்பக்கம் ஒரு சாண் போனது. 'விலகிவிட்டது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். கோடு போட்டு நிமிர்வதற்குள் டிராக்டரின் முன்சக்கரம் நாலு எட்டு தூரத்தில் நின்றது. மாரி பிரேக் பிடித்ததில் நான் அவள் முதுகில் போய் முட்டினேன்.

"ஏய், கண்ண எங்க வச்சிருக்கிய!" என்று செண்பகராஜ் மேலேயிருந்து கத்தினார்.

"நோட்டுல வச்சிருக்கா!" என்று மாமா வரப்பிலிருந்து பதில் சொன்னார்.

மாரி திரும்பி என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். 'விலகிவிட்டது.' அடியில் கோடு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அப்போதுதான். "அக்கா, நீயும் பெயிலு!" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. டிராக்டர் நகரவே இல்லை. நாங்கள் திரும்பினோம், எங்களோடு கம்பும் திரும்பியது. மழை பார்த்த காலத்தில் நாங்கள் ஒரே இடத்தில் நின்றோம், கம்பும் நின்றது. ஓடுகிற வண்டியில் கட்டிய கம்பு நம்முடைய மூக்கு மாதிரிதான். மூக்கைத் திருப்பிவிட்டு, எதிரே இருந்தவன் ஓடிப்போய்விட்டான் என்று சொன்னால் எப்படி?

"அப்ப எத வச்சுப் பாக்குறது?"

"திரும்பாததா ஒண்ணு வேணும். கப்பல்ல அதுக்குத்தான் காம்பஸ். நம்ம எங்கிட்டுத் திரும்பினாலும் அது வடக்கயே காட்டும். அதுல இருந்து எத்தன டிகிரியில அந்தக் கப்பல் தெரியுதுன்னு திரும்பத் திரும்பப் பாக்கணும். டிகிரி மாறாம, கிட்ட வந்துக்கிட்டே இருந்துதுன்னா ஆபத்து. இது புத்தகத்துல இருக்கு. நானும் மனப்பாடமாத்தான் வச்சிருந்தேன். ஆனா கையும் கண்ணும் கம்புக்குல்லா போச்சு!"

எங்களிடம் காம்பஸ் இல்லை. திரும்பாத வேறு ஒன்றைத் தேடினோம். இரண்டாம் ஓட்டத்தில் நிலத்தின் ஓரத்து வேப்பமரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டேன். டிராக்டருக்குப் பின்னால் மரம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது. அதுவும் சரிவரவில்லை, நாங்கள் பத்து எட்டு நகர்ந்ததும் மரமும் நகர்வதுபோல இருந்தது. மரம் கிட்டத்தில் இருப்பதால் வந்த வினை. மாரி மேற்கே கண்ணை ஓட்டினாள்.

"காத்தாலைய எடுத்துக்கோக்கா. அது ரொம்பத் தூரம். இந்தக் காடு முழுக்க ஓடினாலும் அது இருந்த இடத்துலதான் தெரியும்."

காற்றாலைகளுக்கு இடமிருந்து எண் கொடுத்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை. மூன்றாம் ஓட்டத்தில் டிராக்டர் ஐந்தாம் காற்றாலைக்கு நேரே நின்றது. மாரி இடப்பக்கம் லேசாக ஒடித்தாள். கம்பு விலகியது, டிராக்டர் ஐந்திலேயே நின்றது. அவள் வலப்பக்கம் லேசாக ஒடித்தாள். கம்பு மறுபக்கம் விலகியது, டிராக்டர் அப்போதும் ஐந்திலேயே நின்றது. நிற்க நிற்கப் பெருத்தது. "அஞ்சு, அஞ்சு, அஞ்சுட்டி! மோதப்போவுது!" என்று கத்தினேன். மாரி வண்டியை நன்றாக வலப்பக்கம் திருப்பி, டிராக்டருக்குப் பின்னால் போய்க் கடந்தாள்.

பன்னிரண்டு நாளில் நாற்பத்தொரு ஓட்டம் ஓடினோம். நோட்டில் எல்லாம் இருக்கிறது. டிராக்டர் ஒரே காற்றாலையில் நின்ற பதினாறு ஓட்டத்திலும், ஒதுங்காமல் போயிருந்தால் முட்டியிருப்போம். நாங்கள் தெற்கே போன ஓட்டங்களில், ஆறு, ஏழு, எட்டு என்று எண் ஏறியபோதெல்லாம் அது எங்களுக்குப் பின்னால் போயிற்று. நாலு, மூன்று என்று இறங்கியபோதெல்லாம் முன்னால் கடந்தது. டிராக்டரை வேகமாக ஓட்டச் சொன்னோம், ஊரச் சொன்னோம். எண் சொன்னது மாறவில்லை. வேகமாக வருகிறது என்று பயப்படவும் வேண்டாம், மெதுவாகத்தானே வருகிறது என்று மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். ஆட்டு நடையில் வந்தாலும், எண் மாறவில்லை என்றால் வந்து முட்டும்.

செண்பகராஜ் ஒதுங்க வேண்டிய ஓட்டங்கள்தான் பெரும்பாடு. மாரி வண்டியை அவருக்கு வலப்பக்கமாகக் கொண்டுவருவாள். அவர் ஒதுங்க மாட்டார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐயனார் சிலைபோல நேரே வருவார். கடைசி நொடியில் நாங்களே ஓட வேண்டியிருக்கும்.

"மாப்ளே, என் ஆட்டுக்கு இருக்குற அறிவு ஒமக்கு இல்லயே" என்பார் கருத்தையா மாமா.

"ஆட்டுக்கு டயரு இல்ல மாமா" என்பார் இவர்.

ஒருநாள் மாரி கருத்தையா மாமாவிடம், "எதிர்க் கப்பலுக்கு முன்னால குறுக்க ஓடக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு மாமா, பின்னாலதான் சுத்திப் போகணும்" என்றாள்.

மாமாவுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. "இதுக்குச் சென்னை வரைக்கும் போகணுமாக்கும்? மந்தைக்கு முன்னால குறுக்க போனா ஆடு ரெண்டாப் பிரிஞ்சிரும். பின்னால போனா எல்லாருக்கும் நல்லது. இதக் கடல்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சானாக்கும்!"

சென்னையில் மறு தேர்வு நாற்பதாம் நாள், புதன்கிழமை. அன்று காலையிலிருந்து நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டே அலைந்தேன். பதினொரு மணிக்கு உள்ளே போவதாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. செண்பகராஜ் உழவுக்குப் போகாமல் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மூன்றாம் முறை துடைத்தார். கருத்தையா மாமா ஆட்டை எங்கள் வீட்டுப் பக்கமே மேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேய ஒரு புல்கூடக் கிடையாது.

ஒன்று நாற்பதுக்குப் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா."

"சொல்லுட்டி."

"அதே கேப்டன்தாங்கா."

செண்பகராஜ் துணியைக் கீழே போட்டார்.

"அதே அறை, அதே மாதிரி வலப்பக்கம் கப்பல். நான் தூணப் பாக்கவே இல்ல. நேரா காம்பஸுக்குப் போயி டிகிரி எடுத்தேன். ரெண்டு நிமிஷம் விட்டு இன்னொண்ணு, மறுபடி இன்னொண்ணு. மூணையும் எழுதினேன். மாறல. 'மோதுற ஆபத்து இருக்கு சார், ஒதுங்க வேண்டியது நான்'னு சொல்லிட்டு, வலப்பக்கம் நல்லாத் தெரியுத மாதிரித் திருப்பி அதுக்குப் பின்னால போனேன்."

"பெறகென்ன, பாஸுதான!"

"பொறுக்கா. அவிய அதோட விடல. இன்னொரு கப்பலக் கொண்டாந்தாவ. நான் காம்பஸுக்குப் போகவும் பொத்தான ஒண்ணு அமுக்குனாவ. காம்பஸ் செத்துப் போச்சு. ராடாரும் செத்துப் போச்சு. 'இப்ப எத வச்சுச் சொல்லுவ? தூண வச்சா?'ன்னு கேட்டாவ."

போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "நீ என்ன செஞ்ச?"

"திரையப் பூராத் தேடினேன். அந்தக் கப்பலுக்குப் பின்னால, ரொம்பத் தூரத்துல ஒரு தீவு. அதுல வரிசையா அஞ்சாறு மலை உச்சி. இடமிருந்து எண்ணினேன். கப்பல் மூணாவது உச்சிக்கு நேரா நின்னுது. நான் லேசாத் திருப்பிப் பாத்தேன். அப்பயும் மூணுலதான் நின்னுது. 'மலை ரொம்பத் தூரத்துல இருக்கதால நம்ம நகர்றதுல அதோட திசை மாறாது சார். கப்பல் அந்த உச்சியிலயே நிக்குது, கிட்டயும் வருது. மோதும்'னேன்."

"அவிய என்ன சொன்னாவ?"

"இது எந்தக் கப்பல்ல கத்துக்கிட்டன்னு கேட்டாவ. கப்பல்ல இல்ல சார், எங்க ஊர்க் கரிசக்காட்டுலன்னேன். அங்க என்ன கப்பல் வரும்னு கேட்டாவ."

"நீ?"

"டிராக்டர்னு சொல்லிட்டேங்கா. அவிய சிரிச்சிட்டாவ. அந்த டிராக்டர் ஓட்டுறவரு சட்டப்படி ஒதுங்குவாரான்னு கேட்டாவ. அத மட்டும் கேக்காதீங்க சார்னேன்."

"ஏய், முடிவச் சொல்லு மொதல்ல!" என்று செண்பகராஜ் கத்தினார்.

"பாஸு அத்தான்! பாஸு!"

செண்பகராஜ் டிராக்டரில் ஏறி ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. கருத்தையா மாமா துண்டை ஆட்டிக்கொண்டு, "எம் மருமவ கப்பல் ஓட்டப் போறா!" என்று ஆட்டைப் பிடிக்க ஓடினார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது. உள்ளே போய் நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றாம் ஓட்டத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று போட்டு, 'மூன்றாவது உச்சி. மாறவில்லை. பின்னால் கடந்தாள்' என்று எழுதினேன். இந்த முறை அடியில் கோடு போட எனக்கு உரிமை இருந்தது. போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து இறங்கினாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து செண்பகராஜின் டிராக்டரில்தான் ஊருக்குப் போனோம். அவர் ஸ்டியரிங்கில், நாங்கள் இருவரும் பின்னால் டிரெய்லரில், பெட்டியின் மேல். வண்டிப் பாதையில் பாதி வந்திருப்போம். வலப்பக்கக் காட்டிலிருந்து கருத்தையா மாமாவின் மந்தை பாதையைக் கடக்க வந்துகொண்டிருந்தது. நான் பழக்கத்தில் காற்றாலையைப் பார்த்தேன். முன்னால் வந்த கிடா எட்டாம் காற்றாலைக்கு நேரே நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் எட்டுதான். மாரி என் தொடையில் கிள்ளினாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வழக்கமாக இந்த இடத்தில் செண்பகராஜ் ஹாரன் அடித்து மந்தையைப் பிளந்துகொண்டு போவார். அன்று அவர் ஹாரனைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்துப் பாதையை விட்டு இறங்கினார். டிரெய்லர் எகிறிக் குதித்தது. பெட்டியையும் மாரியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டேன். டிராக்டர் கட்டாந்தரையில் குலுங்கிக் குலுங்கி, கடைசி ஆட்டுக்கும் பின்னால் ஒரு பெரிய வளைவு போட்டுச் சுற்றியது.

"ஏ மாப்ளே! பாதைய விட்டுட்டுக் காட்டுக்குள்ள எங்க போறீரு?" என்று கருத்தையா மாமா கூவினார்.

"நீங்க எனக்கு வலப்பக்கம் வாரிய மாமா!" என்று செண்பகராஜ் திரும்பாமலே கத்தினார். "ஒதுங்க வேண்டியது நான்தான்!"